விசாரணை மேலிடத்தை எட்டும் நாள்

ஊழல் ஒழிப்புக்கான தேசிய உத்தி என்ற தலைப்பில் பல்வேறு அரசுகள் வெளியிட்டிருக்கும் ஆவணங்களைத் தேடிப் படிப்பது என் நெடுநாள் வழக்கம். கண்டம் மாறினாலும் ஆட்சிமுறை மாறினாலும் அவற்றின் உள்ளடக்கம் பெரிதாக மாறுவதில்லை. சுயேச்சையான ஆணையம் ஒன்று அமைக்கப்படும், அதிகாரிகள் ஆண்டுதோறும் சொத்துக் கணக்குக் காட்டுவார்கள், டெண்டர்கள் இணையவழிக்கு மாறும், புகார் கொடுப்பவருக்குப் பாதுகாப்பு கிடைக்கும், பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்மை கற்பிக்கப்படும் என்று அவை வரிசையாக உறுதியளிக்கின்றன. இந்த ஒற்றுமைக்குக் காரணம் உண்டு. 2003இல் நிறைவேறி 2005 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, ஊழலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையின் 5ஆம், 6ஆம் பிரிவுகள், ஒவ்வொரு நாடும் ஊழல் தடுப்புக்கு ஒருங்கிணைந்த கொள்கை வகுக்க வேண்டும், அதை நடத்த ஓர் அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்று சொல்கின்றன. உலகின் பெரும்பாலான நாடுகள் அதில் இணைந்துவிட்டன. ஆகவே ஆவணத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அந்த ஆவணங்களில் நான் தேடும் ஒரு விவரம் பெரும்பாலும் கிடைப்பதில்லை. பிற நாடுகளின் அனுபவத்திலிருந்து கற்றோம் என்று எழுதுகிறவர்கள், அந்த நாட்டுச் சட்டத்தின் வாசகத்தையும் ஆணையத்தின் துறைப் பிரிவுகளையும் விவரிக்கிறார்கள். அந்த ஆணையம் தன்னை நியமித்தவரின் கதவைத் தட்டிய நாளில் என்ன நடந்தது, தட்டிய அதிகாரி அடுத்த மாதமும் அதே நாற்காலியில் இருந்தாரா என்பதை எழுதுவதில்லை. ஒரு நாட்டிடம் கற்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்பதை அந்த நாளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. அதைச் சில நாடுகளின் கதைகளோடு சொல்ல முயல்கிறேன்.

எல்லோரும் முதலில் சுட்டிக்காட்டும் ஹாங்காங்கிலிருந்து தொடங்குவதே சரி. 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் அங்கே லஞ்சம் அன்றாட வாழ்வின் பகுதியாக இருந்தது. நோயாளியை ஏற்றிச் செல்ல ஆம்புலன்ஸ் ஊழியர்கள் தேநீர்ப் பணம் கேட்டார்கள். மருத்துவமனைப் பணிப்பெண்கள் ஒரு குவளைத் தண்ணீர் தருவதற்கும் மலப்பாத்திரம் எடுத்து வைப்பதற்கும் காசு எதிர்பார்த்தார்கள். காவல் துறையில் மாமூல் வசூல் ஒரு கூட்டுத் தொழிலாகவே நடந்தது. அதைப் பற்றி அங்கே புழங்கிய பேச்சு மிகவும் பிரபலமானது: பேருந்தில் ஏறிக்கொள்ளலாம், அதாவது வசூலில் பங்கு வாங்கலாம், விருப்பமில்லாவிட்டால் பேருந்தின் பக்கத்தில் ஓடலாம், அதாவது பங்கு வாங்காமல் வாய்மூடி இருக்கலாம், ஆனால் பேருந்துக்கு முன்னால் மட்டும் நிற்கக்கூடாது. நேர்மையான இளம் காவலர் ஒருவருக்கு அந்தத் துறையில் இருந்த வாய்ப்புகள் இவ்வளவுதான்.

1973இல் தலைமைக் கண்காணிப்பாளர் பீட்டர் காட்பர் விசாரணைக்கு உள்ளானார். அவரிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் சொத்து இருப்பது தெரியவந்தது. சொத்து வந்த வழியை விளக்கும்படி அவகாசம் தரப்பட்டிருந்த வேளையில், ஜூன் 8ஆம் தேதி, தம் காவல் துறை அனுமதிச் சீட்டைக் காட்டி விமான நிலையக் குடிவரவுச் சோதனையைத் தவிர்த்துவிட்டு அவர் விமானம் ஏறிப் போய்விட்டார். மக்கள் கொதித்தெழுந்தார்கள். அப்போது ஹாங்காங்கை ஆண்ட பிரிட்டிஷ் அரசின் ஆளுநர் முர்ரே மெக்லிஹோஸ், நீதிபதி அலஸ்டெர் பிளேர்-கெர் தலைமையில் விசாரணை நடத்தச் செய்து, 1974 பிப்ரவரியில் ஊழலுக்கு எதிரான சுயேச்சை ஆணையத்தை அமைத்தார். அதுவரை ஊழலை விசாரித்து வந்தது காவல் துறைக்குள்ளேயே இருந்த ஒரு பிரிவு. அதை அங்கிருந்து பிரித்து எடுத்ததுதான் மெக்லிஹோஸ் செய்த முதல் பெரிய காரியம். காட்பர் 1975 ஜனவரியில் இங்கிலாந்திலிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டு நான்காண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

புதிய ஆணையத்துக்கு மூன்று பிரிவுகள் இருந்தன: விசாரணை, தடுப்பு, மக்கள் தொடர்பு. மற்ற நாடுகள் இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டன. அவ்வளவாகப் பேசப்படாத நான்காவது ஏற்பாடு ஒன்றும் அங்கே உண்டு. ஆணையம் ஒரு புகாரை விசாரிக்காமல் மூடிவைக்க நினைத்தால், பெரும்பாலும் பொதுமக்கள் அங்கம் வகிக்கும் ஒரு மறுஆய்வுக் குழுவின் முன் காரணம் சொல்ல வேண்டும். யார் மீது நடவடிக்கை எடுக்கிறார்கள் என்பதை ஊரே பார்க்கும். யார் மீது எடுக்காமல் விடுகிறார்கள் என்பதை இப்படி ஒரு குழு இருந்தால்தான் பார்க்க முடியும். பாரபட்சம் பெரும்பாலும் விட்டுவிட்ட கோப்புகளில்தான் ஒளிந்திருக்கிறது.

சோதனை நாள் 1977 அக்டோபர் 28ஆம் தேதி வந்தது. யாவ் மா தேய் பழச்சந்தையை மையமாகக் கொண்டு இயங்கிய போதைப்பொருள் கும்பலிடம் பணம் வாங்கிய காவலர்களை ஆணையம் கூட்டங்கூட்டமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான காவலர்கள் வீதியில் இறங்கிப் பேரணி நடத்தினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைத் தாக்கினார்கள். காவல் துறை இல்லாமல் ஒரு நகரத்தை ஆள முடியாது என்பது ஆளுநருக்கும் தெரியும், காவலர்களுக்கும் தெரியும். நவம்பர் 5ஆம் தேதி மெக்லிஹோஸ், 1977 ஜனவரி 1க்கு முன் நடந்த குற்றங்களை, ஏற்கெனவே விசாரணையில் இருப்பவை போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர, ஆணையம் தொடராது என்று அறிவித்தார். அதே சமயம் கட்டளைக்குப் பணியாத காவலரை உடனடியாக வேலையிலிருந்து நீக்கச் சட்டத்திலும் வழி செய்யப்பட்டது.

இந்தப் பொதுமன்னிப்பைக் கோழைத்தனம் என்று சொன்னவர்கள் அன்று பலர். ஆணையத்துக்குள்ளும் மனம் உடைந்தவர்கள் இருந்தார்கள். நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். ஒரு துறையில் பெரும்பான்மையோர் ஏதோ ஒரு காலத்தில் கைநீட்டியிருந்தால், பழைய கணக்கு முழுவதையும் தீர்க்க முயலும் ஆணையம் அவர்கள் அனைவரையும் ஒரே அணியாகத் திரட்டிவிடுகிறது. இன்ன தேதிக்கு முன்னால் நடந்ததை விட்டுவிடுகிறோம், பின்னால் நடப்பதை விடமாட்டோம் என்று சொல்வது நியாய உணர்வுக்குக் கசப்பானது. ஆயினும், அதற்குப் பிறகு மாமூல் வாங்கியவருக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை, ஆணையம் கலைக்கப்படவில்லை, கூட்டு வசூல் முறை சில ஆண்டுகளில் சிதைந்தது. பொதுமன்னிப்பை மட்டும் பின்பற்றி, பின்னால் நடப்பதைத் தண்டிக்கும் அமைப்பை வளர்க்காத நாடு இதனால் கெடுதலையே அடையும்.

சிங்கப்பூரில் லஞ்சப் புலனாய்வுப் பணியகம் 1952இல் பிறந்ததற்கும் காவல் துறையே காரணம். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஓர் அபின் கொள்ளையில் துப்பறியும் காவலர்களே சம்பந்தப்பட்டிருந்தார்கள். அந்தப் பணியகம் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இயங்குகிறது என்பதைக் கேட்டவுடன் அதன் சுதந்திரத்தைப் பற்றி ஐயம் எழுவது இயல்பே. 1986இல் தேசிய வளர்ச்சி அமைச்சர் தே சியாங் வான், மொத்தம் பத்து லட்சம் டாலர் லஞ்சம் வாங்கினார் என்று விசாரிக்கப்பட்டு, குற்றப்பத்திரிகை வருவதற்கு முன்பே உயிரை மாய்த்துக்கொண்டார். 1991இல் அரசமைப்பில் ஒரு திருத்தம் சேர்க்கப்பட்டது: விசாரணைக்குப் பிரதமர் சம்மதிக்க மறுத்தாலும், குடியரசுத் தலைவரின் இசைவோடு பணியகத்தின் இயக்குநர் தொடரலாம். 2023 ஜூலையில் போக்குவரத்து அமைச்சர் எஸ். ஈஸ்வரன் மீது முறையான விசாரணை தொடங்க இயக்குநர் பிரதமர் லீ சியன் லூங்கின் இசைவைக் கேட்டபோது, மறுநாளே அது கிடைத்தது. நான்கு லட்சம் டாலருக்கு மேற்பட்ட அன்பளிப்புகள் தொடர்பான வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஈஸ்வரனுக்கு 2024 அக்டோபரில் 12 மாதச் சிறை விதிக்கப்பட்டது. மறுத்தாலும் விசாரணை நிற்காது என்ற விதி இருக்கும் இடத்தில் மறுப்பதால் பயன் இல்லை. அந்த ஒரு வரித் திருத்தத்தின் மதிப்பை இப்படித்தான் நான் அளக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் தரும் எடுத்துக்காட்டு இன்னும் நேரடியானது. 1988இல் ஊழல் ஆணையத்துக்குச் சட்டம் இயற்றிய முதல்வர் நிக் கிரைனர், அந்த ஆணையமே தம்மைப் பற்றி எழுதிய அறிக்கையால் 1992இல் பதவி விலக நேர்ந்தது. அந்த அறிக்கையின் முடிவைப் பின்னர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஆணையம் மட்டும் நிலைத்தது. 2014இல் இன்னொரு முதல்வர் பேரி ஓ'ஃபாரல், ஒரு தொழிலதிபரிடமிருந்து விலையுயர்ந்த மதுப்புட்டி ஒன்று பரிசாக வந்ததா என்ற கேள்விக்கு வரவில்லை என்று சாட்சியம் அளித்தார். மறுநாள் அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு ஆணையத்தின் கைக்கு வந்தது. அன்றே விலகலை அறிவித்தார். அவர் ஊழல் செய்ததாக ஆணையம் தீர்ப்புச் சொல்லவில்லை. விசாரணையில் பிழையாகச் சாட்சி சொன்னதற்கே அங்கே அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது.

மேலிடத்தைத் தொடும் துணிவு மட்டும் இருந்தால் போதும் என்று சொல்ல வரவில்லை. கீழே பணம் கசியும் வழிகளை அடைக்கும் சலிப்பான வேலையும் வேண்டும், அதைச் செய்கிறவர்களுக்கு மாலை மரியாதை கிடைப்பதில்லை. உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை, மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளுக்கு அரசு அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 விழுக்காடே பள்ளிகளைச் சென்றடைந்தது என்று ஓர் ஆய்வு காட்டியது. எந்த மாதம் எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு பணம் அனுப்பினோம் என்பதை அரசு நாளிதழ்களில் அச்சிடத் தொடங்கியது. 2001இல் அந்த அளவு 80 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. இதில் நாளிதழ் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு, அதே காலத்தில் நடந்த மற்ற சீர்திருத்தங்களின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், தமக்கு வரவேண்டிய தொகை இவ்வளவு என்று தெரிந்த தலைமையாசிரியர் கேள்வி கேட்க முடியும், தெரியாதவரால் முடியாது என்பதில் வேறுபாடு இருக்க முடியாது.

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளியலாளர் நடத்திய சோதனை என் மனத்தில் ஆழமாகப் பதிந்த ஒன்று. 600க்கும் மேற்பட்ட ஊர்களில் அரசுப் பணத்தில் சாலை போடப்பட்டது. சாலை முடிந்த பிறகு பொறியாளர்கள் போய், அதைத் துளையிட்டு மாதிரி எடுத்து, கல் எவ்வளவு, மணல் எவ்வளவு, சரளை எவ்வளவு என்று அளந்தார்கள். உள்ளூரில் பொருள்களின் விலையையும் கூலியையும் விசாரித்து, சாலைக்கு உண்மையில் ஆன செலவைக் கணக்கிட்டு, ஊர் நிர்வாகம் எழுதிய கணக்கோடு ஒப்பிட்டார்கள். கணக்கில் ஏறி சாலையில் ஏறாத பணம் எவ்வளவு என்று இப்படித் தெரிந்தது. பொதுவாக இத்தகைய திட்டங்களில் தணிக்கை வருவதற்கான வாய்ப்பு 4 விழுக்காடுதான். உறுதியாகத் தணிக்கை வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட ஊர்களில், காணாமற்போன செலவு 8 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது. ஊர்மக்களைக் கூட்டத்துக்கு அழைத்துக் கேள்வி கேட்கச் செய்த முயற்சி, மொத்தத்தில் பார்த்தால், அவ்வளவு பலன் தரவில்லை. இன்னொரு விளைவும் வெளிப்பட்டது: தணிக்கை உறுதியான ஊர்களில், திட்டத்தை நடத்தியவர்களின் உறவினர்களுக்கு வேலை கொடுப்பது கூடியது. ஒரு வாசல் அடைபட்டால் பணம் வேறு வாசலைத் தேடும். ஆகவே ஒருமுறை வகுத்து ஐந்தாண்டு கழித்துப் பார்க்கும் உத்தியை நான் நம்புவதில்லை.

சம்பளத்தை உயர்த்தினால் லஞ்சம் குறையும் என்பதும் சிங்கப்பூரைக் காட்டி அடிக்கடி சொல்லப்படுவது. கானா 2010இல் காவலர் சம்பளத்தை இரட்டிப்பாக்கியது. நெடுஞ்சாலையில் சரக்கு லாரி ஓட்டுநர்கள் கொடுத்த பணத்தை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் குறித்துவைத்த தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், காவலர்கள் கேட்ட தொகை கூடியிருப்பதையே கண்டார்கள். பிடிபட்டால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில்தான் நல்ல சம்பளம் ஒருவரைத் தடுக்கிறது. ஜார்ஜியா இரண்டையும் சேர்த்துச் செய்தது. 2003 புரட்சிக்குப் பிறகு மிகைல் சாகாஷ்விலியின் அரசு, ஏறத்தாழ 16,000 போக்குவரத்துக் காவலர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, புதியவர்களைத் தேர்வு செய்து, பல மடங்கு கூடுதல் சம்பளம் கொடுத்து, கண்ணாடிச் சுவர்கள் கொண்ட காவல் நிலையங்களில் உட்கார வைத்தது. சாலையில் கைநீட்டும் வழக்கம் மிக விரைவாக மறைந்தது, அது உண்மையான சாதனை. ஆனால் அந்த அரசில் மேலே இருந்தவர்களைக் கேள்வி கேட்கும் அமைப்பு எதுவும் வளரவில்லை. நீதித்துறை ஆட்சியாளரின் பிடியில் இருந்தது. 2012இல் சிறைக் கொடுமைகளின் காணொளிகள் வெளியாகி, அந்த ஆட்சி தேர்தலில் தோற்றது.

சோதனை நாளில் தோற்ற அமைப்புகளைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம் மேலிடுகிறது, ஏனெனில் அவை திறமையின்மையால் தோற்கவில்லை. இந்தோனேசியாவில் 2002ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த ஊழல் ஒழிப்பு ஆணையம், அரசமைப்பு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியை 2013இல் கைது செய்தது. மின்னணு அடையாள அட்டை ஊழலில் நாடாளுமன்றத் தலைவர் செத்யா நோவந்தோவுக்கு 2018இல் 15 ஆண்டுச் சிறை பெற்றுத் தந்தது. அந்த வழக்கைக் கையாண்ட விசாரணை அதிகாரிகளில் ஒருவரான நோவெல் பஸ்வேதான் முகத்தில் 2017 ஏப்ரலில் அமிலம் வீசப்பட்டது. 2019 செப்டம்பரில் நாடாளுமன்றம் ஆணையத்தின் சட்டத்தையே திருத்தியது. ஊழியர்கள் அரசுப் பணியாளர் ஆக்கப்பட்டார்கள், தொலைபேசி ஒட்டுக்கேட்புக்கு ஒரு மேற்பார்வைக் குழுவின் அனுமதி தேவை என்றானது. மாணவர்கள் நாடெங்கும் தெருவில் இறங்கினார்கள், ஆனாலும் திருத்தத்தைத் தடுக்க முடியவில்லை. 2021இல் குடிமை அறிவுத் தேர்வு ஒன்றில் தேறவில்லை என்று 57 ஊழியர்கள் வெளியேற்றப்பட்டார்கள், பஸ்வேதானும் அவர்களில் ஒருவர். ஆணையத்தின் பெயரும் கட்டடமும் அப்படியே இருக்கின்றன. பணம் பறித்ததாக 2023இல் காவல் துறை சந்தேக நபராக அறிவித்தது அந்த ஆணையத்தின் தலைவரையே.

குவாத்தமாலா வேறொரு வழியை முயன்றது. உள்நாட்டில் எந்த அமைப்பும் நம்பத்தக்கதாக இல்லை என்ற நிலையில், ஐ.நா.வோடு 2006இல் உடன்பாடு செய்து, வெளிநாட்டு வழக்கறிஞர்களின் ஆணையம் ஒன்றை வரவழைத்தது. 2015இல் அது சுங்கத் துறை மோசடி ஒன்றை வெளிக்கொணர்ந்தபோது, குடியரசுத் தலைவர் ஓட்டோ பெரெஸ் மோலினாவே பதவி விலகிச் சிறை செல்ல நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஜிம்மி மொராலெஸின் குடும்பத்தையும் கட்சியையும் விசாரணை தொட்டது. அவர் உடன்பாட்டைப் புதுப்பிக்க மறுத்தார். 2019 செப்டம்பரில் ஆணையம் மூடப்பட்டது. அதனோடு சேர்ந்து உழைத்த நீதிபதிகளும் அரசு வழக்கறிஞர்களும் பின்னர் நாட்டைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை, விசாரிக்கப்படுகிறவரின் கையொப்பம் வேண்டியிருந்த அமைப்புக்கு அந்தக் கையொப்பம் ஒருநாள் கிடைக்காமல் போகும் என்பதை உடன்பாடு எழுதியவர்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

விசாரிப்பவரே தவறு செய்யும் ஆபத்தையும் மறைக்கக்கூடாது. பிரேசிலில் 2014இல் தொடங்கிய லாவா ஜாட்டோ என்ற ஊழல் விசாரணை, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் ஒப்பந்தங்களில் நடந்த பெருங்கொள்ளையை அம்பலப்படுத்தியது. ஆனால் அப்போது முன்னாள் அதிபராக இருந்த லூலாவுக்குத் தண்டனை விதித்த நீதிபதி செர்ஜியோ மோரோ, அடுத்த தேர்தலில் வென்ற போல்சொனாரோவின் நீதி அமைச்சரானார். 2021இல் உச்ச நீதிமன்றம் அவர் பாரபட்சமாக நடந்துகொண்டார் என்று கூறியது. சரியான வழக்குகளும் அந்தக் களங்கத்தால் வலுவிழந்தன. ஹாங்காங்கின் மறுஆய்வுக் குழு போன்ற ஏற்பாட்டை நான் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்.

ருமேனியாவில் 2017 ஜனவரி 31 இரவு, ருமேனிய நாணயமான லெய்யில் 2,00,000க்குக் குறைவான இழப்பு ஏற்படுத்திய அதிகார முறைகேடு இனிக் குற்றமாகாது என்று அரசு ஓர் அவசர ஆணை பிறப்பித்தது. ஆளுங்கட்சித் தலைவர் லிவியு திராக்னியா அப்போது அத்தகைய வழக்கை எதிர்கொண்டிருந்தார். கடுங்குளிரில் லட்சக்கணக்கானோர் தொடர்ந்து திரண்டதால் சில நாள்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆயினும், ஊழல் வழக்குகளை நடத்திய தலைமை வழக்கறிஞர் லாரா கொவேசியை 2018இல் நீக்கிவிட்டார்கள். அந்த நீக்கம் அவருடைய உரிமைகளை மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் முதல் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்வாகியிருந்தார். மக்கள் ஓர் ஆணையை ஓர் இரவில் எதிர்க்க முடியும். ஒரு பதவி நீக்கம் நடைமுறை விதிகளின் வழியாக மெல்ல நடக்கும்போது திரள்வது கடினம். நீக்கும் விதியை முதல் நாளே கடினமாக எழுதிவைப்பதன் அவசியம் அங்கேதான் தெரிகிறது.

அண்மைய எடுத்துக்காட்டு உக்ரைன். 2014 எழுச்சிக்குப் பிறகு அங்கே தேசிய ஊழல் தடுப்புப் பணியகம், அதற்கெனத் தனி வழக்கறிஞர் அலுவலகம், 2019இல் தனி உயர் நீதிமன்றம் ஆகியவை உருவாயின. அரசுக் கொள்முதலை யாரும் இணையத்தில் பார்க்கும்படி செய்த புரோசோரோ முறையும் வந்தது. 2025 ஜூலை 22ஆம் தேதி, பணியகத்தையும் அந்த வழக்கறிஞர் அலுவலகத்தையும் அரசின் தலைமை வழக்கறிஞருக்குக் கீழ்ப்படுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி அன்றே கையொப்பமானது. போர் நடந்துகொண்டிருக்கும் நாட்டில், ஏவுகணைகள் விழும் நகரங்களில், இளைஞர்கள் அட்டைப் பலகைகளோடு தெருவுக்கு வந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியமும் கடுமையாக எச்சரித்தது. ஜூலை 31ஆம் தேதி சுதந்திரத்தைத் திருப்பித் தரும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு நவம்பரில் அந்தப் பணியகம், அரசு அணுமின் நிறுவனமான எனர்கோஆட்டமின் ஒப்பந்தங்களில் நடந்த கமிஷன் வசூலை அம்பலப்படுத்தியது. அதிபரின் முன்னாள் தொழில் கூட்டாளி ஒருவர் அதில் சம்பந்தப்பட்டிருந்தார்; நீதித் துறை அமைச்சரையும் எரிசக்தித் துறை அமைச்சரையும் நாடாளுமன்றம் பதவி நீக்கியது. ஜூலை 22ஆம் தேதிச் சட்டம் நீடித்திருந்தால், அந்த வழக்குக் கோப்பைக் கேட்டு வாங்கி வேறு கைக்கு மாற்றும் அதிகாரம், அதிபர் முன்மொழிந்து நியமிக்கப்படும் தலைமை வழக்கறிஞரிடம் இருந்திருக்கும்.